குளிக்கப் போவது யார்?

கை ஷவர் மாட்ட வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், என்ன கம்பெனி, என்ன விலை என்று நான் முதலில் கேட்பதில்லை. அதைப் பிடித்துக் குளிக்கப் போவது யார் என்று கேட்பேன். அடுத்து, மொட்டை மாடியில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வேலைப் பையைத் திறக்கக் கூடாது. ஷவர் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கும் குடும்பம், அதைச் சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது என்பதை மட்டும் அரை நிமிஷத்தில் முடிவு செய்துவிடுகிறது. "நீங்களே பார்த்து ஒரு இடத்துல மாட்டிடுங்க" என்பார்கள். மாட்டிய பிறகு வருஷக்கணக்கில் அந்த உயரத்தோடு வாழப் போவது அவர்கள்தான்.

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். அப்போது எங்கு பார்த்தாலும் ஜி.ஐ. பைப்தான். பைப்பை வைஸில் பிடித்து, டை செட்டை இரண்டு பேர் சுற்றி, எண்ணெய் விட்டு விட்டு மரை போடுவோம். மரையின் மேல் சணலைப் பிரித்துச் சுற்றி, வெள்ளை லெட் தடவி, பைப் ரெஞ்சால் முறுக்குவோம். சாயங்காலம் கையில் இருக்கும் அந்த வெள்ளை மண்ணெண்ணெய் போட்டால்தான் போகும். நடுத்தர வீட்டுக் குளியலறையில் ஒரு குழாய், அதன் கீழே ஒரு வாளி, ஒரு சொம்பு அல்லது மக். தலைக்கு மேலே ஒரு ஷவர் இருந்தால் அது வசதியான வீடு. கை ஷவரைப் பெரிய பங்களாக்களில் குளியல் தொட்டியோடு சேர்த்துத்தான் பார்த்திருக்கிறேன். டெலிபோன் ஷவர் என்பார்கள். அதற்கு வாஷர் தேய்ந்தால் பாரிமுனைக்குப் போய்த் தேட வேண்டும்.

தொண்ணூறுகளில் அடுக்குமாடிகள் வரத் தொடங்கியதும் கீசர் வந்தது. கீசரோடு, சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் வால் மிக்ஸர் வந்தது. மிக்ஸரோடு ஒட்டிக்கொண்டு கை ஷவரும் வந்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அதைக் குளிக்கப் பயன்படுத்தவில்லை. மிக்ஸரைத் திறந்து வாளியை நிரப்பி, மக்கில் மொண்டுதான் குளித்தார்கள். கை ஷவர் தரை கழுவவும், குழந்தையின் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டு அலசவும் உதவியது. நம் மக்களுக்கு உடம்பில் சொம்புத் தண்ணீர் மொத்தமாக விழுந்தால்தான் குளித்த திருப்தி. அதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் குளிக்கிறேன்.

நிலைமை மாறியது அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு வயதானபோதுதான். கை ஷவருக்காக இப்போது வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ வீடு திரும்பும் வாரத்தில் வருகின்றன. இடுப்பு எலும்பு, முழங்கால், பக்கவாதம். நங்கநல்லூரில் ஒரு வீட்டில் மகள் கூப்பிட்டார். "அம்மாவால குனிஞ்சு தண்ணி மொண்டுக்க முடியலை. நான் மொண்டு ஊத்தினா அவங்களுக்குப் பிடிக்கலை. தானே குளிக்கணுங்கறாங்க." பெட்டியில் நல்ல கை ஷவர் தயாராக இருந்தது, கூடவே ஷவரை மேலும் கீழும் நகர்த்தி மாட்டும் ஆளுயர ஸ்லைடிங் பார். கடைக்காரர் அதையும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார்.

நான் பாட்டியம்மாவைக் குளியலறைக்குள் வரச் சொன்னேன். அவர்கள் குளிக்கப் பயன்படுத்தப் போகிற அதே கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லி, புடவையோடு உட்கார வைத்தேன். "பாட்டி, ஷவரை எடுக்கற மாதிரி கையை நீட்டுங்க." அவர் வலது கையை நீட்டினார். தோள் உயரத்துக்கு மேலே போகவில்லை. விரல் எட்டிய இடத்தில் டைல்ஸில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். தரையிலிருந்து மூன்றரை அடிகூட இல்லை. "இப்போ குழாயைத் திறக்கற மாதிரி." அதற்கு அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சரிய வேண்டியிருந்தது, ஏனென்றால் மிக்ஸர் எதிர்ச்சுவரில் இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் பக்கவாட்டில் போட்டோம். மிக்ஸர் வலது கைக்கு வந்தது, தண்ணீர் காலில் விழாமல் தரையில் விழும் தூரமும் கிடைத்தது. அந்த வீட்டில் வேலையில் பாதி நாற்காலியைத் திருப்பியதிலேயே முடிந்துவிட்டது. மீதி ஒரு கொக்கி.

இரண்டு கொக்கி மாட்டுவது என் வழக்கம். ஒன்று உட்கார்ந்து குளிப்பவருக்கு, மூன்றடியிலிருந்து மூன்றரை அடிக்குள். இன்னொன்று நின்று குளிப்பவருக்கு, ஆறடிக்குப் பக்கத்தில். ஒரு மீட்டர் ஹோஸ் இதற்குப் போதாது, ஒன்றரை மீட்டர் வேண்டும். பெட்டியோடு பெரும்பாலும் ஒரு மீட்டர்தான் வரும். ஒன்றரை மீட்டர் தனியாக வாங்கினால் பெரிய செலவில்லை. ஹோஸ் இழுபட்டு நின்றால், கையில் இருக்கும் ஷவரை அது பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். வலுவில்லாத கைக்கு அது தெரியும்.

அந்த ஸ்லைடிங் பாரை நான் மாட்ட மறுத்துவிட்டேன். மகளுக்குக் கோபம். பணம் கொடுத்து வாங்கியது. நான் சொன்னது இதுதான்: அந்தக் கம்பி ஷவரின் எடையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே ஒரு ஸ்க்ரூ, உள்ளே பிளாஸ்டிக். ஆனால் வழுக்கும்போது மனிதரின் கை எது பளபளவென்று நிற்கிறதோ அதைத்தான் பிடிக்கும். பாட்டி ஒருநாள் அதைப் பிடிப்பார், அது கையோடு வந்துவிடும். அதே இடத்தில் உடம்பின் முழு எடையைத் தாங்கும் கைப்பிடிக் கம்பி போட வேண்டும். டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஆழமாக ஆங்கர் போல்ட் போய், இரண்டு பக்கமும் மும்மூன்று ஸ்க்ரூவில் நிற்க வேண்டும். மாட்டி முடித்ததும் நானே அதில் தொங்கிப் பார்ப்பேன். வயதானவர் இருக்கும் வீட்டில் கைப்பிடி இல்லாமல் கை ஷவர் மட்டும் மாட்டிக் கொடுப்பதை நான் அரைகுறை வேலை என்றுதான் சொல்வேன். பணம் போதாது என்றால் விலை குறைந்த ஷவர் வாங்குங்கள், கைப்பிடியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி தொட்டி. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 0.1 பார் அழுத்தம் கொடுக்கும். பத்து மீட்டருக்கு ஒரு பார். இந்தக் கணக்கு தெரிந்தால் பாதிப் புகாருக்கு வீட்டிலேயே விடை சொல்லிவிடலாம். நம் ஊர்த் தனி வீட்டில் மேல்மாடிக் குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் பத்தடி உயரம், அதன் மேல் மூன்றடி மேடையில் தொட்டி. ஏழடியில் இருக்கும் தலைக்கு மேல் ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே ஆறடிதான். 0.2 பார்கூட வராது. ஷவரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக விழும், அவ்வளவுதான். அதே குளியலறையில் உட்கார்ந்தபடி கை ஷவரை மூன்றடி உயரத்தில் பிடித்தால் பத்தடி உயரம் கிடைக்கிறது. அழுத்தம் 0.3 பார். புது மோட்டார் எதுவும் வேண்டாம், ஷவர் கீழே இறங்கியதாலேயே தண்ணீர் வேகமாக வருகிறது. ஹோஸ் வளைந்து போவதாலோ தொங்குவதாலோ இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. துளை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. மேல்மாடிக்காரர்களுக்குக் கை ஷவரை நான் சிபாரிசு செய்வது இதனால்தான்.

அசோக் நகரில் ஒரு பெரியவர், அமெரிக்காவில் இருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த கை ஷவரை மாட்டச் சொன்னார். கனமான, அழகான சாமான். மாட்டித் திறந்தால் தண்ணீர் ஷவர் முகத்தை விட்டு முன்னால் வரவே இல்லை, விளிம்பில் வழிந்து கைப்பிடி வழியாகக் கீழே இறங்கியது. பெரியவருக்கு முகம் விழுந்துவிட்டது. "டூப்ளிகேட் வாங்கிட்டானா?" என்றார். சாமான் அசல்தான். அமெரிக்காவில் 1994 முதல் ஷவரில் நிமிஷத்துக்கு 2.5 கேலனுக்கு மேல், அதாவது ஒன்பதரை லிட்டருக்கு மேல், தண்ணீர் வரக்கூடாது என்று சட்டம். அதுவும் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அளந்த கணக்கு, அதாவது ஐந்தரை பார். அதற்காகக் கைப்பிடிக்குள் ஹோஸ் சேரும் வாயில் நடுவில் சின்னத் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லை வைத்திருப்பார்கள். ஐந்தரை பாருக்குச் செய்த துளையில் நம் 0.3 பார் என்ன செய்யும்? மூக்குக் குறடால் அந்த வில்லையை வெளியே எடுத்தேன். தண்ணீர் வந்தது. வில்லையை ஒரு கவரில் போட்டுப் பெரியவரிடமே கொடுத்து, மோட்டார் வைத்து அழுத்தம் ஏற்றினால் திரும்பப் போடச் சொன்னேன்.

அந்த மாதிரி சாமானில் இன்னொரு விஷயமும் உண்டு. அரை இஞ்சில் அமெரிக்க மரைக்கும் நம் மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான். அதனால் ஒன்றில் இன்னொன்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் வேறு, அவர்களுடையது நுனிக்குப் போகப் போகக் குறுகும். இரண்டு மூன்று சுற்றுக்குமேல் இறுகினால் நிறுத்திவிட வேண்டும். வாஷர் உட்காரும் ஹோஸ் முனையில் பெரும்பாலும் பிரச்னை வராது. சுவரோடு சேரும் முனையில் ரெஞ்ச் போட்டு இழுத்தால் ஏதோ ஒன்று கிழியும்.

சென்னையில் இப்போது கட்டும் உயரமான அடுக்குமாடிகளில் கதை நேர் எதிர். இருபதாவது மாடிக்கு மேல் தொட்டி வைத்து நேராகக் கீழே இறக்கினால் முதல் மாடியில் ஆறு பாருக்கும் மேல் வரும். நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு போட்டிருப்பார்கள். அது பழுதானால் கீழ்மாடிகளில் ஹோஸ்கள் வரிசையாக வெடிக்கும். அங்கே அந்த வில்லையைக் கழற்றவே கூடாது.

மாட்டும் வேலைக்கு வருகிறேன். பழைய வீட்டில் இதற்கு மூன்று வழி இருக்கிறது. மேலே இருக்கும் ஷவரைக் கழற்றி அதன் கையிலேயே ஹோஸை மாட்டலாம், செலவு குறைவு. வாளிக் குழாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு வாய் உள்ள டூ வே பிப் காக் போடலாம். ஒரு வாயில் வாளி நிரம்பும், மறு வாயில் ஹோஸ். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் நல்லது, காலி செய்யும்போது பழைய குழாயைத் திரும்பப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். மூன்றாவது, மிக்ஸரையே மாற்றுவது. வால் மிக்ஸருக்குச் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் வாய்களுக்கு நடுவே ஆறு இஞ்ச், அதாவது 150 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். கொத்தனார் அரை இஞ்ச் முன்பின் வைத்திருப்பார். மிக்ஸரோடு வரும் கோணல் லெக்குகளைத் திருப்பித் திருப்பி அதைச் சரிக்கட்டலாம். அதற்கும் மேல் போனால் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

எந்த வழியானாலும் பயப்பட வேண்டிய நிமிஷம் ஒன்றுதான்: பழைய குழாயைக் கழற்றும் நிமிஷம். ஜி.ஐ. லைனில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் குழாய், சுவருக்குள் இருக்கும் எல்போவோடு துருவால் ஒன்றாகிவிட்டிருக்கும். ஸ்பேனர் போட்டு வேகமாக இழுத்தால் குழாயோடு உள்ளே மரையும் முறிந்து வரும். அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டும், அந்த டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் முதல் நாளே போய் மரை தெரியும் இடத்தில் துரு எண்ணெய் அடித்துவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் குழாயை லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் கொண்டுபோவேன். துரு உடையும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அது கேட்டபிறகுதான் கைக்குப் பலம் கொடுக்கலாம். கேட்கவே இல்லை என்றால், டைல்ஸ் உடையலாம் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மொட்டை மாடியில் பழைய டைல்ஸ் இரண்டு மூன்று மீதி கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்வேன். பல வீடுகளில் துளசிச் செடித் தொட்டிக்கு அடியில் கிடைத்திருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் சந்தனக் கலர் சி.பி.வி.சி. பைப். 82 டிகிரி சூட்டில் 100 பி.எஸ்.ஐ. தாங்கும், சூடில்லாத தண்ணீரில் 400 தாங்கும். துரு இல்லை, உப்பு அடைப்பு குறைவு, வேலை சுலபம். ஜி.ஐ.யில் உடம்பு வலித்ததை நினைத்தால் இந்தப் பைப்பைக் கும்பிடலாம். ஆனால் ஜி.ஐ.யில் பழகிய கை இதற்கு ஆகாது. சுவருக்குள் பித்தளை மரை வைத்த பிளாஸ்டிக் எல்போ இருக்கிறது. ரெஞ்சால் உடம்பைப் போட்டு முறுக்கினால் பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே விரிசல் விடும். அன்றைக்குத் தெரியாது. சில மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் ஈரம் என்று சண்டைக்கு வருவார். ஜி.ஐ.யில் "இன்னும் ஒரு சுத்து" என்பது நல்ல வேலைக்கு அடையாளம். சி.பி.வி.சி.யில் அந்த ஒரு சுற்றுதான் வினை. என்னிடம் வரும் பையன்களுக்கு முதல் ஆறு மாதம் பெரிய ரெஞ்சையே கையில் கொடுப்பதில்லை.

சுவரோடு சேரும் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் ஏற்றும்போதே பிரிந்து சுருண்டுவிடும். ஆனால் ஹோஸின் இரண்டு முனைக்கும் டேப் தேவையே இல்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே தட்டையாக உட்காரும் ரப்பர் வாஷர். இது தெரியாமல் எத்தனை வீட்டில் எத்தனை பேர் ஹோஸ் முனையில் டேப்பைக் கட்டுக் கட்டாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள்! ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டில் மூன்று முறை ஆள் வந்து போயும் ஒழுகல் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். நட்டைக் கழற்றினேன். பஞ்சு மாதிரி டேப் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அத்தனைக்கும் அடியில் வாஷர் இல்லை. அது பெட்டிக்குள் சின்ன பிளாஸ்டிக் உறையில் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. எடுத்துப் போட்டு, கையால் இறுக்கி, நட்டின் மேல் துணி சுற்றி ஸ்பேனரில் கால் சுற்று. நின்றுவிட்டது. துணி எதற்கென்றால், குரோம் மேல் ஸ்பேனர் பல் பட்டால் அந்தத் தழும்பு போகாது. அங்கிருந்துதான் பச்சை பிடிக்க ஆரம்பிக்கும்.

கொக்கிக்குத் துளை போடும்போது ஒரே விதி: குழாய்க்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடாதே. பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஏறி இறங்கும். கீசரிலிருந்து மிக்ஸருக்கு வரும் லைனும் அப்படித்தான். பக்கவாட்டில் அரையடி நகர்ந்துவிடு. நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பார், பொத்தென்று சத்தம் வந்தால் பின்னால் சிமெண்ட் இல்லை, அங்கே ஸ்க்ரூ நிற்காது. டைல்ஸ் மேல் டேப் ஒட்டிக் குறி போட்டு, டைல்ஸ் பிட்டால், ஹேமர் இல்லாமல், மெதுவாக. டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் ஹேமர். நான் சேர்ந்த காலத்தில் உளியால் குழி வெட்டி மரக்கட்டை அடித்து, அதில் ஸ்க்ரூ ஏற்றுவோம். ஈரத்தில் கட்டை ஊறி, காய்ந்து, சுருங்கி, கொக்கி ஆட ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் ஃபிஷர் வந்தது பெரிய உதவி.

மாட்டியவுடன் ஷவர் எப்படி வருகிறது என்பதை வைத்து யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம் என்பேன். ஒரு வருஷம் கழித்துப் பார்க்க வேண்டும். தென்சென்னைப் புறநகரில் பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சில மாதத்தில் துளைகளில் வெள்ளைக் காரை படிந்து, தண்ணீர் நாலா பக்கமும் கோணலாகப் பீச்சும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் உறவினர் வீட்டில் அதே மாடல் ஷவர் வருஷக்கணக்கில் புதிதாக நிற்கிறது. அதனால் கடையில் நான் பார்ப்பது பளபளப்பை அல்ல, துளைகள் ரப்பரில் இருக்கின்றனவா என்பதை. ரப்பர் முனையைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும். உலோக முகமாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறப் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கழிப்பறை கழுவும் ஆசிட் மட்டும் கூடாது. குரோம் கறுத்து உரிந்துவிடும். ஹோஸ் வாயில் இருக்கும் சின்ன ஜல்லடையையும் கழற்றி அலச வேண்டும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று கூப்பிட்டுப் போனால், பல நேரம் அந்த ஜல்லடையில் தொட்டி மண்தான் நிறைந்திருக்கும்.

பட்டனை அழுத்தினால் நின்றுவிடும் கை ஷவர் இப்போது நிறைய வருகிறது. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஜனம் குடத்தோடு நின்றபோது, பல வீடுகளில் அந்த மாடல்தான் கேட்டார்கள். சோப்புப் போடும்போது நிறுத்திக்கொள்ளலாம், நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் ஃப்ளஷ் டேங்கில் சுடுதண்ணீர் வருகிறது என்று கூப்பிட்டார்கள். கீசர் லைனை யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, ஒரு எலக்ட்ரீஷியன்கூட வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். லைன் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குளித்தவர்கள் மிக்ஸரின் இரண்டு கைப்பிடியையும் திறந்தபடி விட்டு, பட்டனால் மட்டும் ஷவரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே போக வழி இல்லை. ஆனால் மிக்ஸருக்குள் சுடுதண்ணீர் லைனும் பச்சைத்தண்ணீர் லைனும் ஒன்றாக நிற்கின்றன. வேறு அறையில் ஃப்ளஷ் இழுத்ததும் பச்சை லைனில் அழுத்தம் குறைந்து, கீசர் தண்ணீர் மிக்ஸர் வழியாக அங்கே போய்விட்டது. கரண்டும் அதோடு போயிற்று. பட்டன் தற்காலிகம், குளித்து முடித்தால் மிக்ஸரைத்தான் மூட வேண்டும். பழக்கம் வராது என்றால் இரண்டு லைனிலும் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். சின்ன இன்ஸ்டன்ட் கீசர்களில் சில, வெளியேறும் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்ற கணக்கில் செய்தவை. அவற்றில் பட்டன் ஷவர் மாட்டவே கூடாது, உள்ளே அழுத்தம் ஏறினால் தொட்டி தாங்காது.

இதே குணம் கழிப்பறை ஹெல்த் ஃபாசெட்டுக்கும் உண்டு. அதன் விசையை விட்டவுடன் தண்ணீர் நிற்கிறது, ஆனால் ஹோஸ் முழுக்க அழுத்தத்தோடு இரவும் பகலும் நிற்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கூடம் வரைக்கும் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக் கதறிய வீடுகள் எனக்குத் தெரியும். ஹோஸ் வெடித்து, தொட்டி காலியாகி, தானியங்கி மோட்டார் திரும்பத் திரும்ப நிரப்பி, அதுவும் கொட்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, ஹோஸுக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் எது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று காட்டிவிட்டுத்தான் கூலி வாங்குவேன். வெளியூர் போனால் அதை மூடுங்கள்.

கை ஷவரை வாளிக்குள் போட்டு நிரப்பும் பழக்கத்தையும் விட வேண்டும். தொட்டி கழுவ மாடியில் கேட் வால்வை மூடியிருப்பார்கள். கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறப்பார்கள். லைனில் காற்று நுழைய வென்ட் பைப் இல்லாவிட்டால், மேல்மாடி வாளியில் மூழ்கிக் கிடக்கும் ஷவர் வழியாகச் சோப்புத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கீழ்வீட்டுக் குழாயில் வரும். அதனால்தான் கீழ்க் கொக்கியை வாளியின் விளிம்புக்கு மேலே ஷவர் நிற்கும்படி வைக்கிறேன்.

ஷாக் விஷயத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவேன், ஆனால் சொல்லாமல் வரமாட்டேன். ஜி.ஐ. காலத்தில் பைப்பே ஓரளவு மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோனது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக். கீசர் காயில் பழுதாகி எர்த்தும் சரியில்லை என்றால், உப்புத் தண்ணீர் வழியாக மின்சாரம் இரும்பு ஹோஸுக்கும், அதைப் பிடித்திருக்கும் ஈரக் கைக்கும் வரும். குழாயைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்று யாராவது சொன்னால், நான் அன்றைக்கு ஷவர் மாட்டுவதில்லை. எர்த்தைப் பார்த்து, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டபிறகு கூப்பிடுங்கள் என்று திரும்பிவிடுவேன்.

புது வீடு கட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பூச்சு பூசும் முன், பைப் எல்லாம் சுவரில் தெரியும் நாளில், ஒவ்வொரு குளியலறைச் சுவரையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். தரையிலிருந்து ஒரு அளவு டேப்பை நிற்க வைத்து, எண் தெரியும்படி எடுங்கள். அப்போதே உட்கார்ந்து குளிக்கும் உயரத்தில் ஒரு கூடுதல் வாய் விட்டு, டம்மி போட்டு மூடிவிடுங்கள். கைப்பிடி வரப்போகும் இடத்தில் செங்கல்லை நன்றாக நிரப்பச் சொல்லுங்கள். இன்றைக்கு உங்களுக்கு நாற்பது வயதாக இருக்கலாம், அந்த வீட்டில் எழுபது வயதும் வரும். மடிப்பாக்கத்தில் ஒருவர் இப்படி எடுத்து வைத்திருந்தார். சமீபத்தில் அவருடைய அப்பாவுக்காகக் கூப்பிட்டார். "அண்ணே, போட்டோ இருக்கு" என்று போனை நீட்டினார். கீசர் லைன் எங்கே, டம்மி எங்கே, டேப்பில் எத்தனை அடி, எல்லாம் அதில் இருந்தது. டைல்ஸில் ஒரு துளை போட்டு டம்மியைத் திறந்து, ஆங்கிள் காக், ஹோஸ், இரண்டு கொக்கி, ஒரு கைப்பிடி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது, அவருடைய அப்பா சாயங்காலமே குளித்தார்.